கூரைக்குக் கடன்பட்டவர்கள்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் லாங் மெல்ஃபோர்டு என்றொரு ஊர். 15ஆம் நூற்றாண்டில் கம்பளித் துணியால் செழித்த ஊர். அந்தச் செல்வத்தைக் கொண்டு 1460களுக்கும் 1490களுக்கும் இடையே எழுப்பிய அதன் பங்குக் கோயில், அதாவது அந்த ஊர் எல்லைக்குரிய தேவாலயம், ஒரு சிறிய பேராலயம் என்று சொல்லத்தக்க நீளமும் வெளிச்சமும் கொண்டது. வெளிச்சுவரின் உச்சியில், கறுத்த ஃபிளின்ட் கல்லும் வெளிர்நிறக் கல்லும் இழைத்துப் பதித்த எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. கட்டுவதற்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. அவர்களின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளும்படி போகிறவர் வருகிறவரையெல்லாம் அந்த வரிகள் கேட்கின்றன. அந்தச் சுண்ணச்சாந்து நன்றாகக் காய்ந்து இரண்டு தலைமுறை கடப்பதற்குள், அதே கோயிலைத் தன் பொறுப்பில் வைத்திருந்த திருச்சபை, இறந்தவர்களுக்காக வேண்டுவதில் பயனில்லை என்று அறிவித்துவிட்டது. இங்கிலாந்து திருச்சபையின் 39 விதிகளில் 22ஆவது விதி, இறந்தோரின் ஆன்மாக்கள் வேதனைப்பட்டுத் தூய்மையாகும் உத்தரிக்கும் தலம் என்ற போதனையையே வேதத்தில் ஆதாரமில்லாத கற்பனை என்று தள்ளுகிறது. ஆக, சுவர் எதைக் கேட்கிறதோ அதை அந்தச் சுவருக்குள் நடக்கும் வழிபாடு மறுக்கிறது. இரண்டும் சுமார் ஐந்நூறு ஆண்டுகளாகச் சேர்ந்தே இருக்கின்றன. இங்கே ஒரு கேள்வி எழாமல் போகாது. எந்த நம்பிக்கைக்காகக் கட்டினார்களோ அந்த நம்பிக்கை போன பிறகும் இது அதே கோயில்தானா? ஆம் என்றால், எது அதை அதே கோயிலாக வைத்திருக்கிறது?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டு. நம்பிக்கையாளர் கோட்பாட்டைக் காட்டுவார்: உண்மையான போதனை இருக்கும்வரை அது கோயில், அது போனால் வெறும் கட்டடம். பழமையை நேசிப்பவர் கல்லைக் காட்டுவார்: அசல் சுவரும் அசல் சிற்பமும் இருக்கும்வரை அது அதே இடம். இங்கிலாந்தின் பழைய பங்குக் கோயில்களின் வரலாறு இந்த இரண்டையும் பொய்யாக்குகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அங்கே கோட்பாடும் தொடரவில்லை, கல்லும் தொடரவில்லை. தொடர்ந்தது ஒரு கடமை. இந்த எல்லைக்குள் வாழும் இந்த மனிதர்கள் இந்தக் கூரைக்கும், அதன் அடியிலும் அருகிலும் புதைந்தவர்களுக்கும் பொறுப்பு என்ற ஏற்பாடு. புனிதம் என்று நாம் அங்கே உணர்வது பெரும்பாலும் அந்தப் பொறுப்பு நீண்ட காலம் படிந்த படிவைத்தான். இது பக்திக்குக் குறைவான விளக்கம் என்று சிலருக்குப் படலாம். அந்த ஆட்சேபத்தைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தொடக்கத்தைப் பார்க்க வேண்டும். 601இல் போப் முதலாம் கிரகோரியார், இங்கிலாந்துக்குப் புறப்பட்ட மெலிட்டஸ் என்ற துறவிக்கு ஒரு கடிதம் எழுதினார். 731இல் முடித்த தமது திருச்சபை வரலாற்றில் பீட் என்ற துறவி அதை முழுதாகச் சேர்த்திருக்கிறார். அங்குள்ள மக்களின் பழைய கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பலிபீடம் அமைத்துப் புனிதர்களின் எச்சங்களை வையுங்கள் என்பது கிரகோரியாரின் அறிவுரை. பழகிய இடம் மாறாவிட்டால் மக்கள் தயக்கமின்றி வருவார்கள் என்பது அவர் கணக்கு. தெய்வங்களுக்கு மாடு பலியிட்டவர்கள் இனிக் கோயிலைச் சுற்றிப் பந்தல் போட்டு அதே மாட்டைச் சமைத்து விருந்துண்ணட்டும் என்றுகூட எழுதுகிறார். இந்த அறிவுரை எத்தனை இடங்களில் நடைமுறைக்கு வந்தது என்பது வேறு விஷயம். பழைய வழிபாட்டுக் கட்டடத்தின் மேலேயே எழுந்த கோயில் என்று அகழாய்வு உறுதியாகக் காட்டும் இடங்கள் மிகச் சில. ஆனால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் மனப்போக்குக்குச் சான்று குறைவில்லை. கிழக்கு யார்க்‌ஷயரில் ரட்ஸ்டன் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் ஏழரை மீட்டருக்கும் உயரமான புதிய கற்கால நடுகல் நிற்கிறது. பிரிட்டனிலேயே உயரமானது அதுதான். டார்செட்டில் நோல்ட்டன் என்ற இடத்தில் கற்கால மக்கள் வெட்டிய வட்ட அகழிக்குள் நார்மன் காலக் கோயில் ஒன்று சிதைந்து கிடக்கிறது. டரம் பகுதியின் எஸ்கோம்ப் கோயில் 7ஆம் நூற்றாண்டுடையது. அதன் கற்கள் அருகிலிருந்த பின்செஸ்டர் என்ற ரோமானியக் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்தவை. ரோமானியப் படையின் ஆறாம் லீஜியன் பெயர் பொறித்த கல் ஒன்று அதன் சுவரில் தலைகீழாக இருக்கிறது. வைத்த கொத்தனாருக்கு அதைப் படிக்கத் தெரிந்திருக்காது, அல்லது தெரிந்தும் அக்கறைப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் இதுவரை சொன்னதை வைத்து என் கருத்து நிலைபெற்றுவிடாது. வென்றவர்கள் தோற்றவர்களின் இடத்தைப் பிடிப்பது உலகெங்கும் நடந்தது. அதற்குக் கடமை என்ற விளக்கம் தேவையில்லை, அதிகாரமே போதும். கதை உண்மையில் சூடுபிடிப்பது ஊருக்கு ஒரு கோயில் என்ற ஏற்பாடு உருவான 10ஆம் நூற்றாண்டிலிருந்து 12ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தில். அதற்கு முன் பெரிய மடக் கோயில் ஒன்றிலிருந்து குருக்கள் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்வந்தார்கள். பிறகு நிலப்பிரபுக்கள் தத்தம் மாளிகைக்குப் பக்கத்தில் தனிக் கோயில் கட்டினார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு யாருக்குப் போக வேண்டும் என்ற தகராறு வந்தது. அந்தத் தகராறுதான் பங்கு எல்லைகளை வரைந்தது. எந்த வயலின் கதிர்க்கட்டு எந்தக் கோயிலுக்கு என்ற வழக்கிலிருந்து பிறந்த கோடுகள் பலவும் இன்றுவரை வரைபடத்தில் இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டுக்குள் இன்னொரு விதியும் உறுதியாகிவிட்டது. பலிபீடம் இருக்கும் கிழக்குப் பகுதியான சான்சலைப் பழுதுபார்ப்பது பத்தில் ஒரு பங்கைப் பெறும் குருவின் பொறுப்பு. மக்கள் கூடும் நடுக்கூடம் மக்களின் பொறுப்பு. இறையியலில் இதற்கு இடமே இல்லை. இது சுத்தமான கணக்கு வழக்கு. ஆனால் இந்த ஒரு விதி அந்நாட்டின் கட்டடக்கலையையே வடிவமைத்தது. குள்ளமான பழைய சான்சலும் அதைவிட இரு மடங்கு உயர்ந்த, அகன்ற நடுக்கூடமுமாக எத்தனையோ கோயில்கள் நிற்பதற்குக் காரணம் கட்டட பாணி மாறியது மட்டுமல்ல. கிழக்கே பணம் போட வேண்டியவர் பல ஊர்களில் அந்தப் பத்தில் ஒரு பங்கைத் தனதாக்கிக்கொண்ட எங்கோ தூரத்து மடத்தின் தலைவராக இருந்தார். மேற்கே பணம் போட்டவர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள், அங்கேயே புதைக்கப்பட இருந்தார்கள்.

இந்தப் பொறுப்பு கல்லில் எப்படிப் பதிந்தது என்பதை யார்க்‌ஷயரின் வாரம் பெர்சியைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் அகழாய்வு நடத்திய ஊர் அது. மரத்தில் ஒரு சிறு கோயில், பிறகு கல்லில் ஒன்று, பிறகு அதைப் பெரிதாக்கிய இன்னொன்று. மக்கள்தொகை பெருகிய 12, 13ஆம் நூற்றாண்டுகளில் தெற்கிலும் வடக்கிலும் பக்கக்கூடங்கள் சேர்ந்தன. கொள்ளைநோய்க்கும் ஆட்டு மேய்ச்சலுக்கும் ஊர் மெலிந்தபோது அதே பக்கக்கூடங்களை இடித்துவிட்டு வளைவுகளை அடைத்துச் சுவராக்கினார்கள். உழைக்கும் உடம்பைப் போல ஊரோடு பெருத்து ஊரோடு இளைத்த கட்டடம் அது. 1500 வாக்கில் ஊர் முற்றிலும் காலியாகிவிட்டது. ஆனாலும் அண்டை ஊர்க்காரர்கள் அந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கே வழிபாடு நடந்தது. அது நின்ற பிறகு சில ஆண்டுகளிலேயே கோபுரத்தின் ஒரு பாதி சரிந்தது. ஆடு மேய்ப்புக்கும், மன்னர்களுக்கும், மதப் புரட்சிக்கும் தப்பிய கட்டடம் கவனிப்பார் இல்லாததற்குத் தப்பவில்லை.

மக்களின் பகுதி என்று சொன்ன நடுக்கூடத்தை இன்றைய பார்வையில் அமைதியான பிரார்த்தனைக் கூடமாக நினைத்துவிடக் கூடாது. 15ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலான கோயில்களில் நிலையான இருக்கைகளே இல்லை. நின்றார்கள், மண்டியிட்டார்கள், சுவரோரத்துக் கல் திண்ணையில் முதியவர்கள் உட்கார்ந்தார்கள். கூரை ஒழுகினால் பணம் திரட்ட ஊரே பீர் காய்ச்சி விற்றுக் கோயில் விருந்து நடத்தியது. சஃபோக்கின் மெண்டில்ஷாமில் முகப்பு மண்டபத்துக்கு மேலுள்ள அறையில் ஊர்ப் படைக்கலங்கள் இன்றும் இருக்கின்றன. கோயில் ஊரின் ஆயுதக்கிடங்காகவும் இருந்தது. டெவனில் எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில் மோர்பாத் என்ற சிற்றூர். முப்பது சொச்சம் குடும்பங்கள். அங்கே ஒவ்வொரு புனிதரின் விளக்குக்கும் தனித்தனி நிதி இருந்தது. இளைஞர்களுக்கு ஒன்று, கன்னிப்பெண்களுக்கு ஒன்று. நிதியின் பெரும்பகுதி ரொக்கம் அல்ல, ஆடுகள். புனிதரின் ஆட்டை இந்த வீட்டில் ஒன்று, அந்த வீட்டில் ஒன்று என்று வளர்த்து, கம்பளியை விற்ற காசைக் கணக்கில் வைத்தார்கள். ஆடு செத்தால் அதுவும் கணக்கில் ஏறியது. அந்த ஊரின் குரு கிறிஸ்டோபர் ட்ரைக்கே 1520இலிருந்து 1574இல் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார். கணக்குகளைத் தம் கையால் எழுதி ஊரார் முன் உரக்கப் படித்துக் காட்டினார். அந்தக் கணக்கேடு தப்பிப் பிழைத்ததால்தான், 2001இல் வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி அதை வைத்து ஒரு முழு நூல் எழுத முடிந்தது.

ட்ரைக்கே பணியாற்றிய அந்த 54 ஆண்டுகளை ஒரு முறை எண்ணிப்பாருங்கள். அவர் வந்தபோது இங்கிலாந்து ரோமுக்குக் கீழ்ப்பட்ட கத்தோலிக்க நாடு. 1534இல் எட்டாம் ஹென்றி தம்மையே திருச்சபையின் தலைவராக்கிக்கொண்டார். 1547இல் அரியணையேறிய சிறுவன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் படங்கள், சிலைகள், விளக்குகள், புனிதர் நிதிகள், இறந்தோருக்கான பூசைகள் எல்லாம் தடையாயின. கல் பலிபீடத்தை உடைத்து மரமேசை போடச் சொன்னார்கள். 1553இல் அரசி மேரி வந்ததும் எல்லாம் திரும்ப வேண்டும் என்றார்கள். 1559இல் அடுத்த அரசி எலிசபெத் மறுபடி மாற்றினார். ஒரே மனிதர், ஒரே சுவர்கள், ஒரே முப்பது சொச்சம் குடும்பங்கள். மோர்பாத்தில் இறுதிச்சடங்குக்கான கறுப்பு உடைத் தொகுப்பு ஒன்றை வாங்க ட்ரைக்கே இருபது ஆண்டுகள் சிறுகச் சேர்த்தார். அது கைக்கு வந்த வேளையில் அந்தச் சடங்கே தடைசெய்யப்படும் நிலை வந்துவிட்டது. 1549இல் ஆங்கில வழிபாட்டு நூலைத் திணித்தபோது டெவனும் கார்ன்வாலும் கலகத்தில் இறங்கின. டஃபியின் வாசிப்பின்படி மோர்பாத் தன் செலவில் ஐந்து இளைஞர்களைக் கலகக்காரர்களின் முகாமுக்கு அனுப்பியது. கோயில் உடைமைகளை விற்கச் சொன்னபோது வீடுகளுக்குள் போன பொருள்கள், மேரி காலத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எலிசபெத் காலத்தில் ட்ரைக்கே புதிய ஒழுங்குக்கும் பணிந்து தொடர்ந்தார். கொள்கையற்றவர் என்று அவரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் விலகியிருந்தால் முப்பது குடும்பங்களுக்கு யார் ஞானஸ்நானம் கொடுப்பது, யார் அடக்கம் செய்வது? அவருடைய விசுவாசத்துக்கு முகவரி இருந்தது. அது மோர்பாத்.

நம்பிக்கையாளரின் ஆட்சேபம் இங்கேதான் கூர்மையாக வரும். கோட்பாடு இரண்டாம் பட்சம் என்றால் அந்த ஐந்து இளைஞர்கள் எதற்காகப் போனார்கள்? மேரியின் ஆட்சியில் எரிக்கப்பட்ட புரட்டஸ்டன்டுகளும் எலிசபெத்தின் ஆட்சியில் தூக்கிலேறிய கத்தோலிக்கக் குருக்களும் எதற்காகச் செத்தார்கள்? இது கனமான ஆட்சேபம். கோட்பாடு மாறியபோது எதுவுமே அறுபடவில்லை என்று நான் சொல்லவில்லை. அறுபட்டது, இரத்தம் சிந்தியது. 1643 டிசம்பரில் மான்செஸ்டர் பிரபுவின் ஆணையோடு புறப்பட்டு கேம்பிரிட்ஜ், சஃபோக் பகுதிகளில் 250க்கும் மேற்பட்ட கோயில்களுக்குச் சென்று சிலைகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் நொறுக்கிய வில்லியம் டவுசிங்கை வெறும் முரடன் என்று ஒதுக்குவதும் நியாயமல்ல. அவர் நாட்குறிப்பு எழுதியவர், இறையியல் படித்தவர். கல்லறைத் தகடுகளில் ஆன்மாவுக்காக வேண்டச் சொல்லும் வரிகளைத் தேடித் தேடி அகற்றினார் என்றால், அந்த வரிகள் மனிதரை ஏமாற்றும் பொய் என்று மனதார நம்பியதால்தான். பல இடங்களில் இதற்காக ஊராரிடமே 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணமும் வாங்கினார்.

ஆனால் இந்த மோதலில் இரு தரப்பும் எதைத் தேர்ந்தெடுத்தன என்று பாருங்கள். டவுசிங் புதிய கோயில் கட்டிக்கொண்டு போகவில்லை. அவருக்கு இந்தக் கோயில்தான் சுத்தமாக வேண்டும். மோர்பாத்தின் கலகக்காரர்களுக்கும் இதே கோயில்தான் முன்பிருந்தபடி வேண்டும். எந்த இடத்தைக் குறித்துக் கோட்பாட்டுச் சண்டை நடந்ததோ அந்த இடம் சண்டைக்கு முந்தியதாக இருந்தது. உடைத்தவர்கள் செய்த வேலையிலேயே ஒரு வேடிக்கையும் உண்டு. சஃபோக்கின் வென்ஹாஸ்டனில் சான்சல் வளைவை அடைத்திருந்த மரப்பலகைகளில் இறுதித் தீர்ப்பு நாள் ஓவியம் இருந்தது. மதச் சீர்திருத்தக் காலத்தில் அதன்மேல் வெள்ளையடித்து வேதவசனங்களை எழுதினார்கள். 1892இல் புதுப்பிப்பு வேலையில் பழைய பலகை என்று கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவு பெய்த மழையில் சுண்ணாம்பு கரைந்து ஓவியம் வெளிப்பட்டது. முன்பு அதன்மேல் பொருத்தியிருந்த சிலுவையும் இரு புனிதர்களும் இருந்த இடம் மட்டும் வண்ணமில்லாத உருவங்களாகத் தெரிகிறது. சால்ஸ்பரியின் புனித தாமஸ் பெக்கெட் கோயிலிலும் அப்படியே. அங்கே தீர்ப்பு நாள் ஓவியம் 1593இல் மறைக்கப்பட்டு 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்தது. மறைப்பதற்குப் பூசிய சுண்ணாம்பே வெயிலிலிருந்தும் புகையிலிருந்தும் வண்ணத்தைக் காத்தது. இதிலிருந்து தெய்வ சித்தம் என்று எதையும் நிறுவ நான் முயலவில்லை. ஊர் தன் சுவரை உடைக்காமல் பூசத்தான் செய்தது என்பதே எனக்குப் போதுமான செய்தி.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கசப்பானது. கடமை என்று அழகாகச் சொல்கிறீர்கள், அது வற்புறுத்தல்தானே? ஆம், பெருமளவுக்கு அப்படித்தான். 1559 சட்டத்தின்படி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். வசதியானவர்கள் பெட்டி போன்ற மரத்தடுப்பு இருக்கைகளுக்கு வாடகை கொடுத்து முன்னால் உட்கார, ஏழைகள் பின் பெஞ்சில் அடைந்தார்கள். எல்லாவற்றையும்விட மோசம், கோயில் வரி. இங்கிலாந்து திருச்சபையைச் சேராத பாப்டிஸ்டுகளும் குவேக்கர்களும் தாங்கள் நுழையாத கோயிலின் கூரைக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. எஸ்ஸெக்ஸின் பிரெயின்ட்ரீயில் இதை எதிர்த்து 1830களில் தொடங்கிய வழக்கு 1853இல் பிரபுக்கள் அவை வரை போய் முடிந்தது. 1868இல் அரசியல் தலைவர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம் கட்டாய வரியை ஒழித்தது. பழைய பொறுப்பின் கூரிய முனை ஒன்று மட்டும் மிக நீண்ட காலம் ஒளிந்திருந்தது. வார்விக்‌ஷயரின் ஆஸ்டன் கேன்ட்லோவில் ஒரு பண்ணை நிலத்தோடு சான்சல் பழுதுபார்க்கும் கடமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. உரிமையாளர்கள் பெருந்தொகை கட்ட வேண்டும் என்று 2003இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. இதையெல்லாம் புனிதம் என்று அழைக்க எனக்கும் கூசுகிறது. ஆனால் என் கருத்து கடமை எப்போதும் நல்லது என்பதல்ல, இடத்தைத் தொடரச் செய்தது கடமை என்பதுதான். 1868க்குப் பிறகு நடந்தது இதற்கு நல்ல சோதனை. வற்புறுத்தல் மட்டுமே அந்தக் கோயில்களைத் தாங்கியிருந்தால், சட்டம் போனதும் கூரைகள் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. நன்கொடையிலும் சந்தையிலும் விருந்திலும் பணம் வந்தது. மத்தியக் காலத்து ஊர்கள் பீர் விற்றுச் செய்ததைத்தான் விக்டோரிய ஊர்கள் தேநீர் விருந்து வைத்துச் செய்தன.

இனிக் கல்லைக் காட்டுபவரின் வாதம். 1839இல் கேம்பிரிட்ஜில் ஜான் மேசன் நீல் என்பவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய கேம்டன் சங்கம், சரியான கோயில் என்றால் 14ஆம் நூற்றாண்டு பாணிதான் என்று தீர்மானித்து நாடு முழுவதற்கும் பாடம் எடுத்தது. அதன் விளைவாக ஆயிரக்கணக்கான பழைய கோயில்கள் புதுப்பிப்பு என்ற பெயரில் உரித்தெடுக்கப்பட்டன. பூச்சைச் சுரண்டிக் கல்லைக் காட்டினார்கள். பெட்டி இருக்கைகளையும், ஊர் இசைக்குழு உட்கார்ந்த மேற்கு மாடத்தையும் பிடுங்கியெறிந்தார்கள். பிற்காலச் சாளரத்தை எடுத்துவிட்டு முற்காலம் போன்ற புதுச் சாளரத்தை வைத்தார்கள். கலை விமர்சகர் ரஸ்கின் 1849இலேயே இதைப் பொய் என்றார். 1874இல் கட்டடக்கலைஞர் சங்கத்தின் தங்கப் பதக்கத்தை இதே கோபத்தில் மறுத்தார். 1877இல் ட்யூக்ஸ்பரி கோயிலில் கட்டடக்கலைஞர் கில்பர்ட் ஸ்காட் தொடங்க இருந்த வேலையைக் கண்டு கொதித்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ், பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கத்தை நிறுவினார். மாரிஸ் வழிபாட்டுக்குப் போகிறவர் அல்லர். கோயிலை மிக உக்கிரமாகக் காத்தவர் நம்பிக்கையில்லாதவர், அதை மிக வேகமாகச் சிதைத்தவர்கள் பக்திமான்கள் என்ற முரணை அந்த நூற்றாண்டு நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. ரஸ்கினும் மாரிஸும் புதுப்பிப்பு பற்றிச் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். போலியான 14ஆம் நூற்றாண்டைவிட உண்மையான 18ஆம் நூற்றாண்டு மேல். ஆனால் அவர்கள் வழியில் முழுதாகப் போனால் எங்கே சேர்வோம் என்பதற்கு வில்ட்‌ஷயரின் இங்கில்ஷாம் சாட்சி. மாரிஸின் உதவியால் சுரண்டலுக்குத் தப்பிய கோயில் அது. சுவரில் மத்தியக் கால ஓவியத்தின்மேல் வசனங்கள், வசனத்தின்மேல் இன்னொரு வசனம் என்று அடுக்கடுக்காகப் பல நூற்றாண்டுகள். இங்கிலாந்தில் எனக்கு மிக அழகாகத் தோன்றும் உட்புறம் அதுதான். ஆனால் இன்று அதற்குச் சொந்தமாக ஒரு பங்கு இல்லை. அறக்கட்டளை ஒன்றின் பராமரிப்பில் இருக்கிறது. கல் மிகத் தூய்மையாகத் தொடர்ந்த இடத்தில் ஊர் தொடரவில்லை. இளம் வயதில் கட்டடக்கலைஞராகக் கோயில்களைப் புதுப்பித்துப் பின்னர் அதற்காக வருந்திய நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி, 1906இல் மாரிஸின் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில் இந்தச் சிக்கலை நேர்மையாக ஒப்புக்கொண்டார். பயன்படுத்துவோருக்கும் பாதுகாப்போருக்கும் அது ஒரே பொருள் அல்ல. அவரைக் கடைசியில் கலங்கச் செய்தது அழகு போனது அல்ல, மனிதர் ஒருவரோடொருவர் கொண்டிருந்த நினைவுத் தொடர்பு போனது.

கடமை என்ற விளக்கம் பக்திக்குக் குறைவானது என்ற ஆட்சேபத்துக்கு இப்போது வரலாம். சீர்திருத்தத்துக்கு முந்திய கோயில்களில், கொடை கொடுத்து இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று இருந்தது. ஆண்டுக்கொரு முறை குரு அதை உரக்கப் படிப்பார், ஊர் அவர்களுக்காக வேண்டும். ஒரு குடியானவன் தன் பெயர் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும் என்றே பசுவையோ மெழுகையோ எழுதி வைத்தான். எட்வர்டின் காலத்தில் அது ஒழிந்தது, இறையியல்படி அதற்கு இடமில்லாமல் போனது. ஏறக்குறைய 370 ஆண்டுகள் கழித்து முதல் உலகப்போர் வந்தது. அந்தப் போரின்போதே இங்கிலாந்து திருச்சபையில் இறந்தோருக்கான வேண்டுதல் வெளிப்படையாகத் திரும்பியது. 22ஆவது விதியை யாரும் நீக்கவில்லை, ஆனால் மகனை இழந்த தாயிடம் அதைப் படித்துக்காட்டும் துணிவும் யாருக்கும் இல்லை. போர் முடிந்ததும் ஊர்தோறும் கோயில் சுவரிலோ வாசலிலோ செத்தவர்களின் பெயர்கள் ஏறின. நவம்பர் மாதத்தில் அவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறார்கள். பழைய பட்டியலையும் இதையும் இணைக்கும் நேர்ச் சங்கிலி எதுவும் இல்லை. அந்த ஊர்களில் பலவற்றுக்குத் தங்களிடம் அப்படியொரு பட்டியல் இருந்ததே தெரியாது. ஆயினும் அதே கூடம், அதே செயல். போதனை தடுத்த ஒன்றை இறந்தோர் மீதான பொறுப்பு மீட்டுக்கொண்டது. இதைப் பக்திக்குக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோட்பாடு தன்னைத் திருத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டதே இத்தகைய இடங்களில்தான்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு, அதை ட்ரைக்கேயே சொல்லியிருப்பார். ஆடுகளைக் கணக்கெழுதியதும் கறுப்பு உடைக்காகச் சேர்த்ததும் ஊர் ஒற்றுமைக்காக அல்ல, ஆன்மாக்கள் உண்மையிலேயே வேதனையிலிருந்து விடுபடுகின்றன என்பதற்காக என்று அவர் என்னை மறுத்திருப்பார். அதாவது, கடமையைச் சுமந்தவர்கள் அதைக் கடமை என்பதற்காகச் சுமக்கவில்லை. கடமைக்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று நம்பித்தான் சுமந்தார்கள். அந்த அப்பால் இல்லாமல் பொறுப்பு எத்தனை தலைமுறை தாங்கும்? இங்கிலாந்து இன்று நடத்திக்கொண்டிருப்பது இந்தப் பரிசோதனையைத்தான். ஏறத்தாழ 16,000 கோயில்கள், அவற்றில் 12,000க்கும் மேற்பட்டவை சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பழைய கட்டடங்கள், ஞாயிறன்று வருவோர் பல ஊர்களில் பத்துப் பதினைந்து பேர். பயன்பாடற்றுப்போன கோயில்களைக் காக்கவென 1969இல் தொடங்கிய நிதியம், இப்போது அறக்கட்டளையாக 350க்கும் மேற்பட்டவற்றை வைத்திருக்கிறது. சமூகவியலாளர் கிரேஸ் டேவி, சிலர் எல்லோர் சார்பிலும் மதத்தை நடத்திக்கொண்டிருக்க மற்றவர்கள் அதை மௌனமாக ஆமோதிக்கும் நிலை பற்றி எழுதியிருக்கிறார். வழிபாட்டுக்கு வராத ஊர்க்காரர்கள் கோயில் நண்பர்கள் குழுவில் சேர்ந்து தகரக் குழாயைச் சுத்தம் செய்வதும், மணியடிக்கும் முறை வைத்துக்கொள்வதும் அந்த ஆமோதிப்பின் கைவேலை. ஒரு தேசிய அறக்கட்டளைக்குச் சந்தா கட்டுகிறவரைவிட இவர்களே மோர்பாத்தின் ஆடு வளர்த்தவர்களுக்கு நெருக்கம் என்பேன்.

சட்டமும் இதில் எதிர்பாராத வகையில் தாராளமாக இருக்கிறது. பங்கின் எல்லைக்குள் வாழும் எவரும் எந்த மதத்தவராயினும் இடமிருக்கும் வரை அதன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெற உரிமையுள்ளவர். ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டடக்கலைஞர் கோயிலைச் சோதிக்க வேண்டும் என்ற விதி 1955இல் வந்தது. அந்தச் சோதனை கூரையையும் வடிகாலையும் பற்றிக் கேட்கும், போதனையைப் பற்றிக் கேட்காது. எல்லாவற்றையும்விட வியப்பானது, கோயில் காப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுக் கூட்டம். காப்பாளராக நிற்பதற்கு ஞானஸ்நானம் வேண்டும். வாக்களிப்பதற்கு அது வேண்டாம். பங்குக்குள் குடியிருந்து, உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமில் புனித மகதலா மரியாள் கோயில் 12ஆம் நூற்றாண்டின் நார்மன் கட்டடம், இன்றும் வழிபாடு நடக்கும் கோயில். தமிழர்கள் நிறைய வாழும் பகுதி அது. அந்தப் பங்கின் எல்லைக்குள் வீடெடுத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளிக்கிழமைதோறும் முருகன் கோயிலுக்குப் போகிறவராகவே இருக்கட்டும், அந்தக் கூட்டத்துக்குப் போய் எண்ணூறு ஆண்டுப் பழமையான அந்தக் கூரைக்கு யார் பொறுப்பு என்று கையுயர்த்தலாம். அவரிடம் எதை நம்புகிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்பார்கள்.